கடல் மீன் வந்திரிக்கி

எனக்குக் கல்யாணம் பேசி வந்த நாளில் நான் கேட்டது ஒரேயொரு கேள்விதான். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை, கறி சமைப்பாளா என்றும் கேட்கவில்லை. "வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். பேசி வந்த தரகர் பழுத்த ஆள். "நல்ல காத்தோட்டமான இடம் தம்பி" என்றார். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் யன்னலைத் திறந்தபோதுதான் அந்தப் பதிலின் தந்திரம் எனக்கு விளங்கியது. காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டி மகள் பேருக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்குவான். நான் வயல் பக்கத்து மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு பயத்தோடும் நிந்தவூரில் வந்து இறங்கினேன். பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தார்கள். பயத்துக்கு இடம் கிடைக்காததால் அதை நானே வைத்துக்கொண்டேன்.

பயம் கடல் மேல். "சுனாமியில அம்புட்ட ஆளா நீங்க?" என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு வெட்கம். நான் அகப்படவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்று காலையில் வாப்பாவோடு மாவடிப்பள்ளி வயலில் நின்றேன். அலையை நான் காணவேயில்லை. கடலோரக் காரைதீவுப் பக்கமிருந்து றோட்டு நிறைய ஆட்கள் ஓடி வந்ததைக் கண்டேன். சிலர் நனைந்திருந்தார்கள். என் வாப்பா சாகும்வரை வேறெதற்கும் ஓடாத மனிதர். வரப்பில் பாம்பு படுத்திருந்தால், அது எழும்பிப் போகட்டும் என்று நின்று வெற்றிலை மடிப்பார். அந்த மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நான் சூடே காணாத பூனை. இன்னொரு பூனை சுடுபட்டு ஓடியதைப் பார்த்துவிட்டு இருபது வருடமாக அடுப்பங்கரைக்குப் போகாமல் இருக்கிறேன்.

என் மனைவி சூடு கண்டவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தண்ணீர் அவளை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் மதிலில் போட்டது. அவளுடைய தங்கச்சியை எடுத்துக்கொண்டு போனது, திருப்பித் தரவில்லை. ஆனால் கடற்கரைக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு வளவுக்குப் போவதுபோல் போவாள். கரைவலை இழுக்கிற நாளில் கூடையோடு போய்க் கீரிமீன் வாங்கி வருவாள். நான் கேற்றடியில் நின்று "கவனம்" என்பேன். "கடல் உங்களக் கடிச்சா, என்னக் கடிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

சீதன வீட்டில் மாப்பிள்ளை மேசை கதிரையை இடம் மாற்றுவதென்றாலும் யோசித்துத்தான் மாற்ற வேண்டும். நான் மாற்றியது இரண்டே இரண்டு விஷயம். கிழக்கு யன்னலுக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்தேன். முன்கதவுக்குப் பின்னால் ஒரு பையைத் தொங்கவிட்டேன். அதற்குள் வீட்டு உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு டோர்ச், பிஸ்கட், மகளின் பழைய சப்பாத்து ஒரு சோடி. அதற்கு வீட்டில் "ஓட்டப் பை" என்று பெயர் விழுந்துவிட்டது. மகள் வளர வளர நான் சப்பாத்தைத்தான் மாற்றினேன், பையைக் கழற்றவில்லை.

போன வாடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வாடை தொடங்கினால் எங்கள் கடல் கொந்தளித்துவிடும், தோணி இறங்காது, கரைவலையும் இல்லை. ஊருக்குக் குளத்து மீன்தான். அல்லது தீவின் மறுபக்கத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் சின்ன லொறிகளில் வரும். லொறிக்கு மேல் ஒரு ஒலிபெருக்கி இருக்கும். நான் அப்போது கிணற்றடியில் கண்ணாடியைச் சாத்தி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். முகத்தில் பாதி நுரை. காற்று நன்றாக அடித்தது. றோட்டுப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது.

"கடல்... வந்திரிக்கி. கடல்... வந்திரிக்கி."

நடுவில் இருந்த சொல்லைக் காற்று கொண்டுபோயிருந்தது. அந்தச் சொல் இல்லாமல் இந்த வசனத்தைக் கேட்டால் எங்கள் ஊரில் எவனும் நின்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டான். அன்றைய நாளை நாங்கள் சுனாமி வந்த நாள் என்று சொல்வது குறைவு. கடல் வந்த நாள் என்றுதான் சொல்வோம்.

எட்டு வயது மகள் வாசலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவளைத் தூக்கினேன், மறு கையால் ஓட்டப் பையை இழுத்தேன், ஆணி சுவரிலிருந்து கழன்று பையோடு வந்தது. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் அவளை வைத்து முறுக்கினேன். மனைவி எங்கே என்ற நினைப்பு, எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முனையில்தான் வந்தது. அவள் அங்கேயே நின்றாள். ஒரு சின்ன லொறிக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்களோடு, கையில் சட்டியோடு.

"கடல் வந்திட்டா?" என்று கத்தினேன்.

லொறிக்காரன் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினான். "ஓம் சேர், இப்பதான் வந்த. எத்தின கிலோ?"

பெண்கள் சிரிக்கத் தொடங்கியது எனக்கு முதலில் விளங்கவில்லை. மனைவி என் முகத்தின் நுரையையும், மேலில் சட்டை இல்லாததையும், தோளில் தொங்கிய பையையும், பையில் தொங்கிய ஆணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "வீட்ட போங்க. ஒரு கிலோ பாரை வாங்கிட்டு வாறன்" என்றாள். அன்றிலிருந்து ஒரு மாதம் ஊரில் எனக்குப் பெயர் "கடல்மீன் சேர்". நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் கணக்குப் போடத் திரும்பும்போதெல்லாம் கடைசி வாங்கில் இருக்கிறவர்களிடமிருந்து "எத்தின கிலோ?" என்று ஒரு குரல் வரும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். எனக்கும் சிரிப்பு வந்ததுதான்.

மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மீன் லொறி வந்ததும் அவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த கிழமை பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோதும் கீழே போனாள். அதில் கடலும் இல்லை, மீனும் இல்லை, பணிஸ்தான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிறகு ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல முதல் மோதினார் விரலால் மைக்கை இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டல் கேட்டதும் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கினாள். மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டால் நான் சமாளித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"இந்த வீட்ட என்ட உம்மா எனக்குத் தந்தா. நான் இத இவளுக்குக் குடுப்பன். நீங்க உங்கட பயத்தச் சீதனமாக் குடுத்திட்டீங்க."

அதற்கு முன்னால் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு வளவு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டி, இவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று. அந்த வசனத்தைக் கேட்ட பிறகு அந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முகம் இல்லாமல் போனது. கடலை விட்டு ஓடலாம். பாங்கு கேட்காத ஊருக்கு எங்கே ஓடுவது?

அந்த நாட்களில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்முனையில் கல்வி டிப்ளோமா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சம்பளப் படி ஏறுவதற்காகப் போனது, அறிவுக்காகப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உளவியல் எடுத்தவர் பாண்டிருப்பில் இருந்து வருகிற ஒரு மெடம். மெல்லிய குரல், ஆனால் பின்வாங்கில் இருக்கிறவர்களையும் நித்திரை கொள்ள விடமாட்டார். அன்றைக்குப் பாடம், கற்றல் கோட்பாடுகள். மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு, பிறகு மணியடித்தாலே வாயூறும் என்று தொடங்கினார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மௌலவிமாரும் முஸ்லிம் ஆசிரியர்களும். நாயின் வாய்த்தண்ணீர் எங்களுக்கு அசுத்தம், அந்தப் பேச்சு வந்ததும் முன்வாங்கு கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. மெடம் அதைக் கண்டுகொண்டார்.

"சரி, உங்களுக்காக நாய மாத்தி ஆடாக்குவம்" என்றார்.

"ஆடெண்டா வாயூறாது மெடம், ஓடும். ஹஜ்ஜுப் பெருநாளில அறுப்பமெண்டு அதுக்குத் தெரியும்" என்றார் ஒரு மௌலவி.

வகுப்பே சிரித்தது. மெடமும் சிரித்தார். பிறகு சோக்குக்கட்டியை வைத்துவிட்டு, "அதுதான் இண்டைக்குப் பாடம்" என்றார். வாயூறுவதைப் படிக்கிற மாதிரியேதான் பயத்தையும் படிக்கிறோம். ஒரு சத்தமும் ஒரு பயங்கரமும் ஒரே நேரத்தில் வந்தால் போதும், பிறகு சத்தம் தனியாக வந்தாலும் உடம்பு பயங்கரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரச் சத்தங்களுக்கும் பயப்படும். நாம் சுடுபட வேண்டியதும் இல்லை, இன்னொருவர் பயப்படுவதைப் பார்த்தே படிக்கலாம், குரங்குக் குட்டி தாயைப் பார்த்துப் பாம்புக்குப் பயப்படப் படிப்பதுபோல. நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். என் வீட்டுக் கதையை யாரோ இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஒரே அலை ரெண்டு பேருக்கு வந்து, ஒருத்தருக்குப் பயம் வராமப் போகுமா மெடம்?" என்று கேட்டேன்.

"வராமப் போகலாம். அதுக்கு முதல் அந்தக் கடல எத்தின நாள் நல்லபடியாப் பாத்திருக்காங்க எண்டதப் பொறுத்தது. ஆயிரம் நாள் விளையாடின இடம் ஒரு நாளில எதிரியாகிறது கஷ்டம். முதல் முதல் கேள்விப்பட்டதே அந்த ஒரு நாளெண்டா, அவருக்குக் கடலெண்டா அந்த நாள்தான்."

கேற்றடியில் மனைவி கேட்ட கேள்விக்குப் பத்து வருடத்துக்குப் பிறகு பதில் கிடைத்தது. அவளுக்குக் கடல் நிறையத் தெரியும். எனக்குக் கடலில் ஒரு நாள்தான் தெரியும், அதுவும் வாப்பாவின் முகத்தில்.

அன்று எனக்கு விளங்கிய பாடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். நல்ல நடத்தைக்குப் பரிசு கொடுத்தால் அது வளரும் என்றும் மெடம் சொல்லியிருந்தார். ஒரு பை டொபி வாங்கினேன். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு மகள் அழாமல் இருந்தால் ஒரு டொபி என்று அறிவித்தேன். முதல் இரண்டு நாளும் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் பாண் ஓட்டோ வந்தது. அவள் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தபடி ஒரு சின்ன அழுகை அழுதாள், டக்கென்று நிறுத்தினாள், கையை நீட்டினாள். ஐந்தாம் நாள் ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. அழுது நிறுத்துவது ஒரு தொழிலாகிவிட்டது. உண்மையான பயமோ அப்படியே இருந்தது, மைக் தட்டுகிற நேரம் கை தானாகக் காதுக்குப் போனது. மனைவி டொபிப் பையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். "ரெண்டு பேரும் நல்லாப் படிக்கிறீங்க" என்றாள்.

ஒரு நாள் மாலை மகளோடு வாசலில் இருந்தேன். பாங்குக்கு மைக் தட்டினார்கள். அவள் காதைப் பொத்தினாள், ஆனால் பள்ளிவாசல் பக்கம் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் தைரியமாகச் சிரித்தேன்.

"வாப்பா, உங்கட கால் ஆடுது" என்றாள்.

பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பிள்ளை ஒலிபெருக்கியைப் படிக்கவில்லை, என்னைப் படிக்கிறாள். மருந்து குடிக்க வேண்டிய ஆள் கதிரையில் இருந்து டொபி பங்கிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து மெடமிடம் போய் உண்மையைச் சொன்னேன், நுரையிலிருந்து ஆணி வரை. அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார்: "ஓடினவுடன ஒரு நிம்மதி வருதுதானே சேர், அதுதான் உங்கட டொபி. இருவது வருஷமா ஒவ்வொரு தரமும் ஓடி ஓடி நீங்களே உங்களுக்கு டொபி குடுக்கிறீங்க. ஓடாம நிண்டு பாருங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டப் போங்க. பயம் வரும், ஏறும், நீங்க நிண்டா அது இறங்கும். இறங்கிறத்துக்கு முதல் திரும்பிடாதீங்க."

வீட்டில் சொன்னேன். "இத நான் கல்யாணம் முடிச்ச கிழமையே சொன்ன" என்றாள் மனைவி. சொன்னாள்தான். கோட்பாடு என்று சொல்லவில்லை, "வாங்க கடலுக்கு" என்று சொன்னாள்.

வாடை ஓய்ந்து கடல் படிந்த பிறகு தொடங்கினோம். முதல் கிழமை அலுமாரியை யன்னலிலிருந்து நகர்த்தினோம். இரண்டாம் கிழமை ஒழுங்கை முடிவு வரை நடந்தேன். மூன்றாம் கிழமை சவுக்கு மரங்கள் வரை. அங்கே எனக்கு மூத்திரம் முட்டியது, வயிறு வலித்தது, வீட்டில் அடுப்பை நிறுத்தவில்லை என்று நிச்சயமாகத் தோன்றியது. ஒவ்வொன்றையும் மனைவிக்குச் சொன்னேன். அவள் மணலில் உட்கார்ந்து கச்சான்கொட்டை உடைத்துக்கொண்டே, "ஓம். இரிங்க" என்றாள். மூன்று தரம் எழும்பினேன், மூன்று தரமும் "இரிங்க" என்றாள். கச்சான் முடியும்போது என் வயிறு வலிக்கவில்லை. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

அங்கே இருக்கும்போது ஒரு நாள் கேட்டேன், தங்கச்சியை எடுத்த தண்ணியைப் பார்க்க மனம் வருமா என்று. "அவளுக்குக் கப்று இல்ல, அடக்கின இடமில்ல. நான் வேற எங்க போய் ஸலாம் சொல்ற?" என்றாள். நான் அவளுக்குத் துணையாக ஒரு நாளும் அங்கே வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பத்து வருடம் கேற்றடியில் நின்று "கவனம்" சொல்லியிருக்கிறேன்.

மகளை நாங்கள் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள், முதலில் ஒழுங்கை முனை வரை, பிறகு சவுக்கு வரை. எங்களுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாங்குக்கு மைக் தட்டினால் கை காதுக்குப் போகும், பாதி வழியில் நிற்கும். மனைவி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள், நானும் அப்படியே இருக்கப் பழகினேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் ஈர மணலுக்கு இறங்கினோம். என் சாரனை முழங்காலுக்கு மடித்துக் கட்டினேன். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். முதல் அலை காலை நனைத்தது. இரண்டாவது கணுக்கால். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் மீன் லொறி, வாடை முடிந்தும் வருவதை நிறுத்தாத அதே லொறி, அதே குரல். காற்று இந்த முறையும் தன் வேலையைக் காட்டியது.

"கடல்... வந்திரிக்கி."

அதோடு ஒரு பெரிய அலையும் எழும்பி வந்தது. என் ஒரு கால் தானாகப் பின்னுக்குப் போனது. மகள் அலையைப் பார்க்கவில்லை, லொறிப் பக்கமும் திரும்பவில்லை. தலையை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தாள், நான் வயலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்ததுபோல. சிரிக்கலாமா என்று யோசித்தேன். இவளிடம் அது செல்லாது.

"வாப்பாக்குப் பயமா இரிக்கி மகள்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஓடாதீங்க வாப்பா. கொஞ்சம் நில்லுங்க. போயிடும்."

முழங்கால் வரை வந்தது. நாங்கள் நின்றோம். போய்விட்டது.